தமிழ் எழுத்துச்சரமும் நிரல்மொழிகளும்

ஒரு நிரல்மொழியில் எழுதிய நிரல் அனுப்பும் தரவை வேறொரு மொழியில் எழுதிய நிரல் பிழையின்றி ஏற்க வேண்டுமானால், இரண்டுக்கும் பொதுவான தரவு வகை தேவை. மிதவைப் புள்ளி எண்களுக்கு 1985ஆம் ஆண்டின் ஐஇஇஇ 754 தரம் அத்தகைய பொதுமையை அளித்தது. தமிழ் எழுத்துச்சரத்துக்கு அது கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

எழுத்துருக் காலம்

1990களில் பல தமிழ் எழுத்துருக்கள் தமக்கென்று தனிக் குறியேற்றம் கொண்டிருந்தன. ஒன்றில் தட்டச்சு செய்த கோப்பை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகள் இச்சிக்கலை ஆராய்ந்தன. சென்னை மாநாட்டையடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என்னும் தரங்களை ஏற்றது. பல நாட்டுத் தமிழர்கள் இணையவழி கலந்து பேசி டிஸ்கி தரத்தை உருவாக்கினர். தரங்கள் பலவாக இருந்ததால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நிரல்கள் தேவைப்பட்டன.

ஒருங்குறி

1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்தியாவின் இஸ்கி தரத்தைத் தழுவி, தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டது. ஜாவா மொழி தொடக்கம் முதலே ஒருங்குறியைப் பயன்படுத்தியது. பைத்தான் 2008இல் வெளியான மூன்றாம் பதிப்பில் எல்லாச் சரங்களையும் ஒருங்குறியாக்கியது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் அதனுடன் டேஸ்16 தரத்தையும் ஏற்றது.

எஞ்சிய வேறுபாடு

குறியேற்றம் ஒன்றானபோதும் எண்ணும் அலகு ஒன்றாகவில்லை. தருமபுரி மாவட்டத்து ஊரான 'பென்னாகரம்' படிப்பவருக்கு 6 எழுத்து. சுவிஃப்ட் மொழியும் 6 என்றே எண்ணும். புள்ளி, கொம்பு, கால் ஆகியவற்றைத் தனிக் குறிகளாகக் கொள்ளும் பைத்தானும் ஜாவாவும் 10 என்னும். யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு வேண்டும். எனவே பைட்டுகளை எண்ணும் சி மொழி 30 என்னும்.

ஒரு படிவத்தில் ஊர்ப்பெயருக்கு 20 என்ற வரம்பு வைத்தால், பைத்தான் நிரல் முழுப்பெயரையும் ஏற்கும். பைட்டுகளை எண்ணும் நிரலோ 'பென்னா' வரை காத்து, அடுத்த ககரத்தை நடுவில் துண்டித்துவிடும்.

ஒப்பிடுதலிலும் இடர் உண்டு. 'பொங்கல்' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், கொம்பு, கால் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வெவ்வேறு. இயல்பாக்கம் என்னும் முறையால் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணராவிட்டால், பட்டியலில் உள்ள பெயரும் தேடும்போது கிடைக்காமல் போகும். எனவே தமிழ்த் தரவைப் பகிரும் நிரல்கள் குறியேற்றம், எண்ணும் அலகு, இயல்பாக்கம் ஆகிய மூன்றிலும் உடன்பட வேண்டும்.