சிலேடையில் புகுந்த பழங்காசு

1957 ஏப்ரல் முதல் நாளன்று நம் நாட்டில் தசாம்ச நாணய முறை வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்னும் கணக்கு போயிற்று. ஆயினும் முழு உண்மையைப் ‘பதினாறணா உண்மை’ என்று கூறும் இந்தி வழக்கு, வடநாட்டில் வாழும் நம்மவர் காதில் இன்றும் விழுகிறது. பேச்சில் இவ்வாறு பிழைத்துக்கொள்ளும் பழங்காசு, இலக்கியச் சிலேடையில் அத்துணை எளிதாகப் பிழைப்பதில்லை. ஜேம்ஸ் ஜாய்ஸ் இயற்றிய ‘யுலிஸீஸ்’ என்னும் சோதனை நாவல் இதற்குச் சான்று.

1922இல் பாரிஸில் வெளிவந்த அந்நூல், 1904 ஜூன் 16ஆம் நாள் டப்ளின் நகரில் நிகழ்வனவற்றைக் கூறுவது. அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஒரு பவுன் மதிப்புள்ள பொற்காசுக்குச் ‘சாவரின்’ என்று பெயர். அச்சொல்லுக்கு முடியரசன் என்றும் பொருளுண்டு. ஐந்து ஷில்லிங் வெள்ளிக்காசு ‘கிரவுன்’, அதாவது மணிமுடி. பள்ளி ஆசிரியனான ஸ்டீபனுக்கு அன்று சம்பள நாள். அவன் தோழன், வரப்போகும் சாவரின்களை எல்லாம் வல்ல மன்னர்களாக்கி, அவற்றைக் குடித்துத் தீர்ப்பதை முடிசூட்டு விழாவாக்கிப் பாடுகிறான். இதை வெறுங் கேலி என்று தள்ள நமக்கு மனமில்லை. அந்நிய அரசரின் முகம் பொறித்த காசைக் கூலியாகப் பெறுபவனுக்கு, ஆள்பவனும் காசும் ஒரே சொல்லாக ஒலிப்பது கசப்பான செய்தியே.

கடனைப் பற்றிய சிலேடை இன்னும் நுட்பமானது. ஸ்டீபன் பசித்திருந்த வேளையில், ‘ஏ.ஈ.’ என்ற புனைபெயர் கொண்ட கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸலிடம் ஒரு பவுன் வாங்கியிருந்தான். ஐந்து மாதத்தில் உடலின் அணுக்களெல்லாம் மாறிவிட்டனவே, வாங்கியவன் வேறொருவன் அல்லவா என்று தனக்குத்தானே வாதாடுகிறான். (கடன்பட்டார் அனைவர்க்கும் தோன்றாத தத்துவம்!) ஆனால் நினைவு அறுபடவில்லை, அன்று வாங்கியவனும் தானே. உடனே ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் அணிவகுக்கின்றன: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. முதலிரண்டும் கடன் தந்தவர் பெயர். பின் மூன்றும் ‘நான் உமக்குக் கடன்பட்டவன்’ என ஒலிக்கும் கைச்சீட்டு.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இவ்வெழுத்து விளையாட்டைத் தமிழாக்க வழி புலப்படவில்லை. காசுக்கும் வாக்குத் தவறாமைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் நம்மிடம் இருப்பது சிறிது கைகொடுக்கும். 1971 பிப்ரவரி 15இல் பிரிட்டனும் அயர்லாந்தும் ஷில்லிங் கணக்கைக் கைவிட்டபின், ஆங்கிலம் பயில்வோருக்கே இவ்விடங்களில் அடிக்குறிப்பு வேண்டியதாயிற்று.

1928இல் சுதந்திர அயர்லாந்து தன் முதல் காசுகளை வெளியிட்டது. அவற்றைத் தேர்ந்த குழுவின் தலைவர் கவிஞர் யேட்ஸ். அரசர் தலை இருந்த பக்கத்தில் யாழ் அமர்ந்தது. மறுபக்கத்தில் சால்மன் மீனும் குஞ்சுகளோடு கோழியும் குட்டிகளோடு பன்றியும் இடம்பெற்றன. ஸ்டீபனின் தோழன் வேறு பாட்டுத்தான் தேடியிருக்க வேண்டும்.