சக்கீசங்கரமும் ஒரு ஆர்மோனியமும்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்போதெல்லாம் எனக்குப் பழைய சங்கீத நாடகம்தான் ஞாபகம் வரும். அதுவும் பிள்ளையார் பாட்டோடுதானே ஆரம்பிக்கும்!

தமிழ்க் கம்பெனிகள் கேரளத்துக்கு வந்து ஆடின. அதே பாணியில் 1892-இல் டி.சி. அச்சுதமேனோன் மலையாளத்தில் 'சங்கீத நைஷதம்' எழுதினார். சூப்பர் ஹிட். உடனே ஆளாளுக்கு நாடகம் எழுதக் கிளம்ப, முன்ஷி ராமக்குறுப்பு 1890களிலேயே 'சக்கீசங்கரம்' எழுதி அத்தனை பேரையும் நக்கலடித்தார். (சக்கிக்கேற்ற சங்கரன் என்றால் நம்ம ஜாடிக்கேற்ற மூடிதான்.)

இங்கே ஓணத்துக்கு இதைப் போடலாமா என்று நண்பர் கேட்டார். போடலாம். ஆனால் அது கிண்டலடிக்கும் நாடகங்களையே நம்ம பிள்ளைகள் பார்த்ததில்லையே, எப்படிச் சிரிக்கும்? முதலில் பத்து நிமிஷம் அசல் சங்கீத நாடகத்தை உருகி உருகிப் பாடிக் காட்டுங்கள், அப்புறம் குறுப்பை இறக்குங்கள் என்றேன்.

யாரிடமாவது ஆர்மோனியம் இருக்கா?