சாரதியின் முன்பலகை

செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெரு இலுப்படிச்சேனை, கரடியனாறு, பெரியபுல்லுமலை ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்கிறது. படுவான்கரையின் நெல்லும் பாலும் இவ்வழியே வெளியேறுகின்றன. அந்திசாயும் வேளையில் பட்டிக்குத் திரும்பும் மாடுகளும், சில நாட்களில் யானைகளும் இத்தெருவைக் கடக்கின்றன. இங்கு ஓடும் கார்களிலும் வான்களிலும் பல, ஜப்பானில் சில காலம் ஓடியபின் இறக்குமதியானவை. அவற்றுட் சிலவற்றை இயக்கியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் அறிவிப்பொன்று செய்கிறது. அந்நாட்டுச் சுங்கச் சாலைக்குரிய அட்டை செருகப்படவில்லை என்பதே அவ்வறிவிப்பு! நடுவிலுள்ள திரையிலும் ஜப்பானிய எழுத்துக்களே மிளிர்கின்றன. கரடியனாற்றுச் சாரதிக்கு அக்குரலும் புரிவதில்லை, அவ்வெழுத்தும் புரிவதில்லை. பல உயிர்களின் பொறுப்பை ஒரு மனிதனிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் முன்னுள்ள பலகையை அவன் அறியாத மொழியில் பேசவிடுவது வெறும் வேடிக்கைதானா? அப்பலகைக்கு ஒரு வரலாறு உண்டு.

'டாஷ்போர்ட்' என்னும் சொல் குதிரை வண்டிக் காலத்தது. குளம்புகள் வாரியெறியும் சேறு வண்டியோட்டியின்மேல் படாதபடி தடுத்த பலகைக்கு வழங்கிய பெயர் அது. குதிரை போயிற்று; எந்திரம் வந்தது; பலகை மட்டும் நின்றது. வேகத்தையும் எரிபொருளின் அளவையும் காட்டும் கருவிகள் அதில் ஏறின. வண்டியோட்டியைக் காக்க வந்த பலகை, வண்டியோட்டி வாசிக்கவேண்டிய பலகையாயிற்று. வாசிப்பு என்று வந்ததும், எழுதுபவர் யார் என்ற வினாவும் உடன் வந்துவிடுகிறது.

நெடுங்காலம் அவ்வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. விபத்து நேர்ந்தால் ஓட்டியவனே குற்றவாளி என்பது பொதுத் தீர்ப்பாயிருந்தது. இத்தீர்ப்பை உலுக்கியது வானூர்தி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களைத் தரையிறக்கிய விமானிகள், இறக்கைத் தட்டுகளை மடக்குவதாக எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளர் விமானி அமரும் இடத்தை ஆராய்ந்தார். இரண்டு பணிகளுக்கும் உரிய பிடிகள் ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்தன. சக்கரத்துக்குரிய பிடியில் சக்கர வடிவத்தையும், தட்டுக்குரிய பிடியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்துமாறு அவர் கூறினார். கண் பார்க்காமலே கை அறிந்துகொண்டது. 1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்னும் இருவர், 'விமானியின் பிழை' என்று எழுதப்பட்ட 460 நிகழ்ச்சிகளை ஆராய்ந்தனர். அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குக் கருவியின் அமைப்பே வழிசெய்திருந்தது. மனிதனின் குற்றம் என்று பதிந்திருந்தது, வடிவமைப்பின் குற்றமாக வெளிப்பட்டது.

கார் முதலாளிகள் இப்பாடத்தைத் தாமாகக் கற்கவில்லை. அமெரிக்காவில் தானியங்கிக் கியர்களின் வரிசை கொம்பனிக்குக் கொம்பனி வேறுபட்டிருந்தது. ஒரு காருக்குப் பழகிய கை, மற்றொரு காரில் முன்னே செல்ல எண்ணிப் பின்னே சென்றது. 1965இல் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர் இத்தகைய குறைபாடுகளை நூலாக எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவருக்குப் பின்னால் துப்பறிவோரை ஏவியது; செய்தி வெளிப்பட்டதும், 1966இல் அதன் தலைவர் செனற் சபைக் குழுவின் முன் மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. முன்செல்லும் நிலைக்கும் பின்செல்லும் நிலைக்கும் இடையே நடுநிலை இருக்கவேண்டும் என்பதும் அதன்வழி விதியாயிற்று. மக்கள் கேட்டார்கள், சட்டம் பேசியது, அதன் பின்னரே பலகை திருந்தியது.

அடுத்து வந்தது தொடுதிரை. 1986இல் ப்யூக் ரிவியேரா என்னும் கார் தொடுதிரையோடு விற்பனைக்கு வந்தது. 2012இல் டெஸ்லா 17 அங்குலத் திரையை நிறுத்தி, பொத்தான்களிற் பெரும்பாலானவற்றை அதற்குள் அடக்கிவிட்டது. பல்வேறு பொத்தான்களைத் தனித்தனியே செய்து பொருத்துவதைவிட ஒரு திரையும் மென்பொருளும் மலிவானவை என்பதைப் பிற கொம்பனிகளும் கண்டுகொண்டன. ஆனால் திரையைக் கையால் தடவி அறிய இயலாது. கண் தெருவை விட்டு விலகவேண்டும். 2022இல் சுவீடனின் மோட்டார் இதழொன்று மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சோதனை நடத்தியது. பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டின் வொல்வோ காரில் 10 வினாடியில் முடிந்த பணிகளுக்கு, திரை கொண்ட புதிய கார் ஒன்றில் 44.9 வினாடி சென்றது. அதற்குள் கார் 1,372 மீற்றர் ஓடிவிட்டது. கரடியனாற்றுத் தெருவில் 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவன் மூன்று வினாடி திரையை நோக்கினால், 50 மீற்றர் தூரம் கண்மூடிச் செல்கிறான். அத்திரையின் எழுத்தும் புரியாதெனில், மூன்று வினாடி போதுமா?

வாகனத்தின் மீதுள்ள எழுத்து இந்நாட்டில் சிறிய விடயமாக இருந்ததில்லை. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழ்ப் பகுதிகளில் அவ்வெழுத்தின்மேல் தார் பூசினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளின்மேல் தார் பூசப்பட்டது. 1958 மே மாதத்தில் தார் போய் இரத்தம் வந்தது. 1987இல் தமிழும் ஆட்சிமொழி என அரசியலமைப்பில் எழுதப்பட்டது. தகட்டின் எழுத்துக்காக இத்தனை துயரை அனுபவித்த நாட்டில், சிங்களச் சாரதியும் தமிழ்ச் சாரதியும் இன்று ஒரே அயல்மொழித் திரையின் முன் எழுத்தறியாதவர்களாய் அமர்ந்திருக்கிறார்கள். வரலாறு இவ்விருவரையும் ஒரே ஆசனத்தில் இருத்தியிருக்கிறது.

திரையே பகை என்று நாம் கூறவில்லை. பின்னே நிற்கும் குழந்தையைக் காட்டும் காட்சிக்கருவி அத்திரையாலேயே பயன் தருகிறது. மேலும், உலோகத்தில் பொறித்த எழுத்தை மாற்றுவது அரிது; மென்பொருளின் எழுத்தை மாற்றுவது எளிது. எனவே, தமிழும் சிங்களமும் அங்கில்லாமைக்கு இயலாமை காரணமன்று. எவரும் கேளாமையே காரணம். செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள மகிந்திரா ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று திரைகளை ஒருசேரக் கொண்ட கார்கள் உருவாகின்றன. தமிழருக்கு இத்தொழில் அந்நியமானதன்று. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் அமைப்பு, 2026ஆம் ஆண்டுக்குரிய விதிகளில், திரும்புவிளக்கு, அபாயவிளக்கு, ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் வேண்டும் என்று வைத்திருக்கிறது. கேட்பவருக்குக் கிடைக்கிறது.

நாமும் கேட்கவேண்டும். இறக்குமதியாகும் ஒவ்வொரு வாகனத்தின் எச்சரிக்கைகளும் கைநூலும் நாட்டின் மொழிகளில் இருக்கவேண்டும் என்பதைச் சட்டமாக்கக் கோரவேண்டும். அதுவரை, தொழில்நுட்பக் கல்லூரி மாணவரும் மொழியாசிரியரும் கூடி அத்திரைகளின் சொற்களைத் தமிழாக்கி, நம்மூர்ச் சாரதிகளின் கையில் கொடுக்கலாம். எந்தச் சொல் ஒரு பார்வையிற் புரிகிறது என்பதை அச்சாரதிகளிடமே கேட்டறிய வேண்டும். அடுத்த விபத்தின்போது 'சாரதியின் கவனயீனம்' என்று எழுதும் பேனா, எழுதுமுன் ஒருகணம் நின்று அவன் முன்னுள்ள பலகையையும் நோக்கட்டும்.