ஆலின் வயிறு

பரோடா என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வங்கிப் பலகை. கெய்க்வாட் மன்னர்களின் தலைநகரை ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்ப அப்படி அழைத்தார்கள். 1974இல் வடோதரா என்ற பெயரே அதிகாரப்பூர்வமானது. ஊர்க்காரர்கள் குஜராத்தியில் என்றுமே வடோத்ரா என்றுதான் சொல்லிவந்தார்கள்.

குஜராத்தியில் 'வட்' என்றால் ஆலமரம். நமக்கும் இது அந்நியமில்லை. திருவாலங்காட்டு இறைவன் வடாரண்யேசுவரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆலிலைமேல் கிடப்பவர் வடபத்ரசாயி. பின்பாதியை 'உதரம்' என்பார்கள். உதரம் வயிறு, தொங்கும் வயிறுடையவன் லம்போதரன், ஒரே வயிற்றில் பிறந்தவன் சகோதரன். ஆலமரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் ஊர் வடோதரம். கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் விளக்கம்.

ஆனால் கி.பி. 812இல் ராஷ்டிரகூடக் கிளையைச் சேர்ந்த கர்க்கன் அளித்த செப்பேடு இந்த ஊரை 'வடபத்ரகம்' என்கிறது. அன்று அது அங்கோட்டகத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர். அந்த அங்கோட்டகம்தான், சமண வெண்கலச் சிலைகளால் புகழ்பெற்ற இன்றைய அகோட்டா. தமிழில் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். வடபத்ரசாயியின் 'பத்ர' இலை. அதில் தகரம் வல்லொலி. செப்பேட்டின் 'பத்ர' மெல்லொலித் தகரம், பொருள் குடியிருப்பு. நம் எழுத்து இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது. ஆக, வடபத்ரகம் ஆலமரத்தூர். இடைநின்ற பகரம் வகரமாகக் குழைந்து, 'அவ' ஓகாரமாகச் சுருங்கினால் வடோத்ரா. செப்பேட்டின் பக்கமே என் மனம் சாய்கிறது. வயிறு பின்னால் வந்த அழகிய கற்பனையாக இருக்க வேண்டும்.

அப்படி முடிவு செய்துகொண்டுதான் கமாட்டி பாக் தோட்டத்துக்குப் போனேன். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1879இல் அமைத்தது. அங்கே ஓர் ஆலமரத்தடியை அம்பேத்கரின் நினைவாகச் 'சங்கல்ப பூமி' என்று போற்றுகிறார்கள்.

சயாஜிராவ் தந்த உதவித்தொகையில் கொலம்பியாவில் படித்த அம்பேத்கர், 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வந்தார். இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்று அறிந்து, பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு வந்த ஒரு கூட்டம், மாலைக்குள் வெளியேறிவிடு என்றது. நண்பர் இருவரிடம் அடைக்கலம் கேட்டார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவருமே வழி காட்டவில்லை. பம்பாய் ரயில் இரவில்தான். அதுவரை இந்தத் தோட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இருபத்தாறு வயது. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவர். ஆதரவற்ற குழந்தைக்கு வருவதுபோல அன்று தமக்குத் தாய் தந்தையின் நினைவு வந்ததாகப் பின்னாளில் எழுதினார். அதை நினைத்தபடி விழுதுகளுக்கு நடுவே நின்றபோது, செப்பேட்டைவிட அந்த 'உதரம்'தான் எனக்கு நெருக்கமாக இருந்தது.