ஒலியடக்கி பூட்டிய ரைஃபிளின் ஓசையை எங்கே வைத்து அளப்பது?

1. மூன்று ஓசைகள்

ரைஃபிள் சுடும்போது எழுவது ஒற்றை ஓசையன்று. குழல்முனையில் பீறிடும் வாயுவின் வெடியோசை ஒன்று; ஒலியை முந்திப் பறக்கும் தோட்டா வழிநெடுக எழுப்பும் அதிர்ச்சி அலை மற்றொன்று; போல்ட் முன்னும் பின்னும் ஓடும் உலோக ஓசை மூன்றாவது. ஹைராம் பெர்சி மாக்சிம் 1909இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஒலியடக்கியும் அதன் வழிவந்தவையும் முதலாவதை மட்டுமே தணிக்கும். இரண்டாவது எழாமலிருக்க, ஒலிவேகத்துக்குக் கீழே பறக்கும் சப்சானிக் தோட்டா வேண்டும். ஆகவே “இது இத்தனை டெசிபல்” என்ற விளம்பர எண்ணைக் கண்டால், எந்த ஓசைக்கு என்று கேட்டாக வேண்டும்.

2. கருவியின் வேகம்

வெடியோசையின் உச்ச அழுத்தம் சில மைக்ரோ வினாடிகளில் ஏறி, சில மில்லி வினாடிகளுக்குள் அடங்கிவிடும். தெரு இரைச்சலை அளக்கும் சாதாரண ஒலிமானியோ, ‘வேக’ நிலையில் வைத்தாலும் 125 மில்லி வினாடிக் கணக்கில் சராசரி எடுப்பது. உச்சம் அதில் கரைந்துபோகும். துப்பாக்கி உண்மையைவிடச் சாதுவாகத் தெரியும். கைப்பேசிச் செயலிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அமெரிக்க ராணுவத்தின் மில்-ஸ்டாண்டர்ட் 1474டி, கருவியின் எழுச்சி நேரம் 20 மைக்ரோ வினாடிக்கு மிகக்கூடாது என்றதன் காரணம் இதுவே.

டெசிபல் மடக்கை அளவு. 6 டெசிபல் கூடினால் அழுத்தம் இரட்டிப்பாகும். செவிக்கேடு குறித்து வழக்கமாகச் சொல்லப்படும் 140 டெசிபல் உச்ச வரம்பு என்பது 200 பாஸ்கல். ஒலியடக்கி இல்லாத ரைஃபிளின் 160 டெசிபல் என்பது 2,000 பாஸ்கல். மெதுவான கருவி பத்து டெசிபலைத் தவறவிட்டால், அது அற்பப் பிழையல்ல.

3. மைக்ரோபோன் நிற்கும் இடம்

குழல்முனைக்கு இடப்புறம் 1 மீட்டர், தரையிலிருந்து 1.6 மீட்டர்: ஒப்பீட்டுக்கு வழக்கமான இடம் இது. முழு வேகத் தோட்டாவுக்கு இது போதும். அங்கே வாயுவே பேரிரைச்சல். சப்சானிக் தோட்டாவுக்குப் போதாது என்பது என் கருத்து. வெடியோசை அடங்க அடங்க, சுடுபவரின் செவியருகே எழும் ஓசைதான் மேலோங்குகிறது.

.300 பிளாக்அவுட் தோட்டாவை போல்ட் ரைஃபிளிலும், தானே மறுகுண்டேற்றும் ஏஆர் வகைத் துப்பாக்கியிலும் ஒரே ஒலியடக்கியுடன் சுட்டால், முனையில் அளந்த எண்கள் நெருங்கி நிற்கலாம். ஆனால் பின்னதில் வெற்றுறை வெளியேறும் திறப்பின் வழியே வாயு கசிவது கன்னத்துக்கு அருகிலேயே. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் கையாண்ட டி லைல் கார்பைன், இயல்பாகவே ஒலிவேகத்துக்குக் கீழே பறக்கும் .45 ஏசிபி தோட்டாவைக் கையால் இழுக்கும் லீ-என்ஃபீல்டு போல்டில் பூட்டியது. சுடும் நொடியில் அசையும் உறுப்புகள் குறைவு. இழுக்கும் ஓசையை எப்போது எழுப்புவது என்பது வீரரின் கையில். செவியருகே இரண்டாவது மைக்ரோபோன் வைக்காத எந்தச் சோதனையும் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

4. காற்றும் முதல் தோட்டாவும்

20 பாகை செல்சியஸில் ஒலிவேகம் வினாடிக்கு 343 மீட்டர். 0 பாகையில் 331. 335 மீட்டர் வேகத்தில் செல்லும் தோட்டா இளஞ்சூட்டில் சப்சானிக், பனிக்காலையில் அல்ல. வெப்பநிலை குறிக்காத அட்டவணையை நான் நம்புவதில்லை.

ஒலியடக்கிக்குள் தங்கிய ஆக்சிஜனில், எரியாத வாயு முதல் சுடுதலில் பற்றிக்கொள்வதால் அது மற்றவற்றைவிட உரக்க ஒலிக்கும். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் தொடரின் எண் கெடுகிறது. விட்டுவிட்டால், ஒரே தோட்டா சுடப்போகும் வேட்டைக்காரருக்குத் தேவையான எண்ணே போய்விடுகிறது. எனவே முதல் சுடுதலுக்கு அட்டவணையில் தனிப் பத்தி வேண்டும்.