சிம்லாவுக்கு மேலே ஒரு ரோடும், கொஞ்சம் வெட்டி வேலையும்

சண்டிகருக்கு வந்த புதிதில் சிம்லா என்றால் எனக்கு மால் ரோடுதான். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் காரில் கூட்டிப் போவது, மால் ரோட்டில் போட்டோ, குஃப்ரியில் குதிரைச் சவாரி, வழியில் எங்காவது நிறுத்திப் புளிசாதம். மலை அதோடு முடிந்தது என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். சைக்கிள் வாங்கிய பிறகுதான் ரோடு அதற்கு மேலேயும் போகிறது என்று உறைத்தது.

வாங்கியது கிராவல் பைக். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில், ஆனால் டயர் அகலம். தார் ரோட்டிலும் ஓடும், ஜல்லி, மண் பாதையிலும் ஓடும். 'இந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டி வந்திருக்கும்' என்று வீட்டம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது தனிக் கதை.

சிம்லாவிலிருந்து தல்லி, குஃப்ரி, ஃபாகு, தியோக், மத்தியானா, நார்கண்டா. சுமார் 60 கிலோமீட்டர். இந்த வழிக்குப் பழைய பெயர் இந்துஸ்தான்–திபெத் ரோடு. இப்போது இதில் பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலை, லாரிகளுக்கு ஒதுங்கியே பாதி உயிர் போய்விடும். சைக்கிள்காரர்களுக்கு நிஜமான விருந்து நார்கண்டா தாண்டித்தான். பாகி, கத்ராலா, சுங்ரி என்று தேவதாரு காட்டுக்குள் ஒரு வழி போகிறது. கொஞ்ச தூரம் தார், கொஞ்ச தூரம் ஜல்லி, மழை பெய்திருந்தால் சேறு. இன்னொரு பக்கம் இறங்கினால் கோட்கர், தானேதார். இரண்டு பக்கமும் ஆப்பிள் தோட்டம், கீழே எங்கோ சட்லஜ் நதி.

இந்தப் பழைய பாதைகளில் ஒரு விசேஷம், ஏற்றம் நெஞ்சை அடைக்காது. மலையை நேராக ஏறாமல் இடுப்பைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறும். மூச்சு வாங்கும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளை மனதில் வைத்துப் போட்ட பாதை. சைக்கிளும் ஏறக்குறைய கழுதை ஏறுகிற சரிவைத்தான் ஏறும், அதனால் நமக்கும் வசதி. 'அந்தக் காலத்து எஞ்சினியர் எஞ்சினியர்தான்' என்று வெள்ளைக்காரனுக்கு மனசுக்குள் ஒரு சலாம் போட்டுக்கொண்டே போனேன்.

அந்தச் சலாம் தானேதார் பக்கத்தில் முறிந்தது.

டயர் பஞ்சராகி ஒரு தோட்டத்து வாசலில் உட்கார்ந்து ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். டீ கொடுத்துவிட்டு, சைக்கிளில் கட்டியிருந்த பைகளைத் தூக்கிப் பார்த்தார். "எவ்வளவு எடை பேட்டா?" என்றார். எட்டு கிலோ, முதுகு வலிக்கிறது என்றேன். சிரித்தார். "எங்க தாத்தா இதே ரோட்டில் சாகிப்களின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். பேகாரில்."

எனக்கு 'பேக்கார்' என்று காதில் விழுந்தது. 'வேலை இல்லாமலா தூக்கினார்?' என்று அசடு வழியக் கேட்டேன். ககரத்தை அழுத்தினால் பேக்கார், அதாவது உபயோகமில்லாதது. அழுத்தாமல் சொன்னால் பேகார், கூலி இல்லாத கட்டாய வேலை. பத்து வருஷத்துக்கு மேல் வடக்கே இருந்தும் என் ஹிந்தி இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். நான் சலாம் போட்ட ரோட்டின் கதையே இந்தப் பேகார்தான்.

1815-ல் இந்த மலைகளிலிருந்து கூர்க்காக்களை விரட்டிய பிறகு, கம்பெனி அரசு சின்னச் சின்ன மலை ராஜாக்களுக்கு ராஜ்ஜியத்தைத் திருப்பிக் கொடுத்தது. சும்மா இல்லை. பல சாசனங்களில் நிபந்தனை எழுதியிருந்தது: அரசு கேட்கும்போது இத்தனை பேகாரி ஆட்களை அனுப்ப வேண்டும், உங்கள் எல்லைக்குள் 12 அடி அகலத்துக்கு ரோடு போட வேண்டும். ராஜா தன் தலையில் சுமக்கப்போவதில்லை, குடியானவன் தலையில்தான் விடிந்தது. சிம்லா வளர வளர, வருகிற அதிகாரி, வேட்டைக்குப் போகிறவர், சும்மா மலை பார்க்க வருகிறவர் எல்லோருடைய பெட்டி, கூடாரம், கட்டிலுக்கும் ஆள் வேண்டியிருந்தது. விதைப்பா அறுவடையா என்று யாரும் பார்க்கவில்லை. கூப்பிட்டால் வயலை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு இது உறுத்தியிருக்கிறது. 1850-ல் அவர் கின்னௌரில் சீனி என்ற ஊர்வரை போய்த் தங்கினார் (இன்றைய கல்பா). அந்த ஆண்டுதான் இந்த ரோட்டுக்கு உத்தரவு. திபெத் கம்பளி வியாபாரம் ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் ஆச்சரியம்: நல்ல ரோடு வந்தால் கோவேறு கழுதையும் வண்டியும் சுமக்கும், மனிதன் சுமக்க வேண்டாம், பேகார் ஒழியும். அதாவது நான் ரசித்த அந்த மெதுவான ஏற்றமே, மனித முதுகிலிருந்து சுமையை இறக்குகிறேன் என்று சொல்லிப் போட்டது.

எப்படிப் போட்டார்கள்? மலை ராஜ்ஜியங்களிலிருந்து ஆட்களை வரவழைத்துத்தான். பேகாரை ஒழிக்கிற ரோட்டுக்கு மண் சுமந்ததும் அதே பேகாரிகள். சிம்லா தாண்டியதும் தல்லியில் 560 அடி நீளத்துக்கு ஒரு சுரங்கம் வரும். 1850-களின் தொடக்கத்தில் குடைந்தது. பத்தாயிரம் கைதிகளும் எட்டாயிரம் கூலியாட்களும் வேலை செய்ததாக சிம்லாவைப் பற்றிய பழைய நூல்களில் போட்டிருக்கிறது.

ரோடு வந்தது. திபெத்துக்குப் பெரிய வணிகப் பாதையாக அது ஒருபோதும் ஆகவில்லை. ஆனால் ஒரு நாள் நடைக்கு ஒன்றாக ஃபாகு, தியோக், மத்தியானா, நார்கண்டா என்று தங்கும் பங்களாக்கள் வந்தன. அதனால் பயணிகள் கூடினார்கள். பயணிகள் கூடியதால் பெட்டிகளும் கூடின. பேகார் போகவில்லை, இன்னும் எழுபது வருஷம் நீடித்தது.

அது ஆட்டம் கண்டது கோட்கரில். ஆட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு அமெரிக்கர், சாமுவேல் ஸ்டோக்ஸ். 1904-ல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தவர், கோட்கரில் நிலம் வாங்கி, உள்ளூர்ப் பெண்ணை மணந்து அங்கேயே தங்கிவிட்டார். 1916-ல் ரெட் டெலிஷியஸ் ஆப்பிளை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டவர் என்றுதான் ஹிமாச்சலில் அவரைத் தெரியும். பேகாரை எதிர்த்துக் கட்டுரை எழுதி, ஊர் மக்களைத் திரட்டிப் போராடியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1921-ல் அந்தப் பகுதி மக்கள் சுமை தூக்க மறுத்தார்கள், அரசு இறங்கி வர வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் குமாவூன் மலையில், பாகேஷ்வர் திருவிழாவில் கூடிய ஜனங்கள் கூலி பேகார் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். ஆண்டுக் கடைசியில் ஸ்டோக்ஸ் கைதாகி லாகூர்ச் சிறையில் இருந்தார். 1932-ல் இந்துவாகி சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

'இது ஏதோ வடக்கத்திக் கொடுமை' என்று நினைக்க வேண்டாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று ஒரு சொல் வருகிறது. கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய வேலைக்குப் பெயர். இன்றைக்கு நாம் 'வெட்டியாப் பொழுதைக் கழிக்கிறான்' என்று சோம்பேறியைச் சொல்கிறோம். நானே என்னை 'வெட்டி ஆபீசர்' என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருப்பேன்! முதுகு ஒடிய உழைத்தவனின் சொல், சும்மா இருப்பவனின் பெயராகிவிட்டது. சம்பளம் இல்லாத வேலை வேலையே இல்லை என்று எப்போது முடிவு செய்தோமோ தெரியவில்லை. புளிசாதம் கட்டுகிற வீட்டம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். 'இப்பதான் தெரிஞ்சுதாக்கும்' என்றார்.

போன அக்டோபரில் பையனையும் கூட்டிக்கொண்டு நார்கண்டா போனேன், அவனுக்கு வாடகை சைக்கிள். பாகி ஏற்றத்தில் "அப்பா, என் பையையும் நீங்களே எடுத்துக்கோங்களேன்" என்றான். நிறுத்தி, பெரியவர் சொன்ன கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். அப்புறம், "சரி, தூக்கினா எவ்வளவு தருவீங்க?" என்றான்.

பேரம் நூறு ரூபாயில் முடிந்தது. நார்கண்டா வரை அவனே தூக்கி வந்தான்.