எண் உண்டு, ஊர் இல்லை: நுண்ணுயிர்க் காப்புரிமையில் வைப்பு விதி வளர்ந்த கதை

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு வெளிவருகின்றன. 1940இல் வந்த டி.எம்.வி. 2 தென்னிந்தியா முழுக்கப் பரவியது. விதைப்பதற்கு முன் இந்த விதையை ரைசோபியம் கல்ச்சரோடு கலக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். எக்டேருக்கு மூன்று பொட்டலம், அதாவது 600 கிராம். ஆறிய அரிசிக் கஞ்சியில் பொட்டலத்துக் கறுப்புத் தூளைக் கரைத்து, விதையின் மேல் தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். வேர் முடிச்சுகளில் குடியேறும் அந்தப் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற உரமாக்கித் தருகிறது.

உழவர் கையில் விதையும் பாக்டீரியாவும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. சட்டம் இரண்டையும் பிரித்துவிடுகிறது. விதை, 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவுபெறும் ரகத்தின் விதையைத் தேசிய மரபணு வங்கியில் ஒப்படைக்க வேண்டும். அதே சட்டம் 'ரகம்' என்பதற்குத் தரும் வரையறையில் நுண்ணுயிரிகளைப் பெயர் சொல்லி விலக்குகிறது. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஜே) இதற்கு நேர்மாறானது. தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் காப்புரிமை கிடையாது என்று சொல்லும்போதே நுண்ணுயிரிகளுக்கு மட்டும் அது விலக்குத் தருகிறது. ஆகவே விதை மேல் ஒட்டியிருக்கும் தூளிலுள்ள பாக்டீரியாவுக்கு யாரேனும் உரிமை கோரினால், அதற்கு வழி காப்புரிமை அலுவலகம்தான். அங்கே போவதற்குள் பாக்டீரியாவை உயிரோடு ஓரிடத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். மண்ணுக்கான பாக்டீரியா, தயிரில் கலக்கும் புரோபயாட்டிக், இறால் குட்டைக்கான பேசில்லஸ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

இந்த வைப்பு விதி எப்படிப் பிறந்தது, இந்தியாவுக்கு வந்தபோது அதோடு எது சேர்ந்தது, சேர்ந்த அந்தப் பகுதி ஏன் இன்னும் வலுவில்லாமல் நிற்கிறது என்பதை விழுப்புரம் மாவட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

காப்புரிமை ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பை, துறையறிந்த மற்றொருவர் செய்துபார்க்கும் அளவுக்கு எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் தனியுரிமை கிடைக்கும். இயந்திரமென்றால் வரைந்து காட்டலாம், வேதிப்பொருளென்றால் தயாரிப்பு முறையை எழுதலாம். பாக்டீரியாவை எழுத்தில் எப்படித் தருவது? 1873இல் லூயி பாஸ்டர் நோய்க்கிருமி கலவாத ஈஸ்ட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோது இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. ஆன்டிபயாட்டிக் யுகத்தில்தான் இது தீவிரமானது. ஒரு பிடி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ், உலகில் வேறெவரிடமும் இல்லாத மருந்தைச் சுரக்கிறது. அதன் நிறம், வடிவம், எந்தச் சர்க்கரையில் வளர்கிறது என்பதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினாலும், படிப்பவர் தம் ஊர் மண்ணிலிருந்து அதே உயிரைப் பிரித்தெடுத்துவிட முடியாது.

அப்ஜான் நிறுவன விஞ்ஞானிகள் தொடர்புடைய ஆர்கூடெலிஸ் வழக்கில், 1970இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. விண்ணப்ப நாளுக்குள் கல்ச்சரைப் பொது வைப்பகம் ஒன்றில் ஒப்படைத்து, காப்புரிமை கிடைத்ததும் பிறருக்கு அது கிடைக்க வழிசெய்திருந்தால், எழுத்தில் உள்ள குறையை அந்த வைப்பு நிரப்பும் என்பது தீர்ப்பு. விவரக்குறிப்பின் ஒரு பகுதி காகிதத்தை விட்டு நீங்கிக் கண்ணாடிக் குப்பிக்குள் போனது இங்கேதான்.

ஆனால் ஒரே பாக்டீரியாவுக்குப் பத்து நாடுகளில் காப்புரிமை கேட்பவர் பத்து நாடுகளிலும் குப்பி வைக்க வேண்டுமா? இதற்கு விடையாக 1977 ஏப்ரல் 28 அன்று புடாபெஸ்ட் உடன்படிக்கை கையெழுத்தாகி, 1980இல் நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டு வைப்பு அதிகார அமைப்பு என்ற தகுதி பெற்ற ஏதேனும் ஓர் இடத்தில் ஒருமுறை ஒப்படைத்தால் உறுப்பு நாடுகள் அனைத்தும் அதை ஏற்க வேண்டும். வைப்பகம் அந்த உயிரைக் குறைந்தது 30 ஆண்டுகள் காக்க வேண்டும். யாராவது மாதிரி கேட்டுப் பெற்றால் அதிலிருந்து மேலும் ஐந்து ஆண்டுகளாவது காக்க வேண்டும். உயிர் இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தர வேண்டும். குப்பியில் உயிர் போய்விட்டால், அறிவிப்பு கிடைத்த மூன்று மாதத்துக்குள் ஒப்படைத்தவர் புது மாதிரி தரலாம்.

ஒப்படைப்பவர் எழுதித் தர வேண்டியவற்றைச் சொல்லும், உடன்படிக்கையின் ஒழுங்குமுறைகளில் உள்ள ஆறாம் விதியைக் கூர்ந்து படிக்க வேண்டும். பெயரும் முகவரியும் வேண்டும். எப்படி வளர்ப்பது, எப்படிச் சேமிப்பது, உயிருள்ளதா என்று எப்படிச் சோதிப்பது என்பதும் வேண்டும். ஒப்படைப்பவர் இட்ட அடையாளக் குறியும், உடல்நலத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து உண்டா என்ற தகவலும் வேண்டும். அறிவியல் பெயர்கூடக் கட்டாயமில்லை, வலுவான பரிந்துரைதான். எங்கிருந்து எடுத்தது என்ற கேள்வியே அதில் இல்லை.

அறிவியல் பெயரைக் கட்டாயமாக்காதது எவ்வளவு தொலைநோக்குள்ள முடிவு என்பதற்கு லாக்டோபேசில்லஸ் ஜிஜி சாட்சி. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷெர்வுட் கோர்பாக், பாரி கோல்டின் ஆகியோர் மனிதக் குடலிலிருந்து பிரித்தெடுத்த இந்தப் பாக்டீரியா 1985இல் அமெரிக்க வைப்பகமான ஏ.டி.சி.சி.யில் 53103 என்ற எண்ணில் வைக்கப்பட்டது. காப்புரிமை 1989இல் கிடைத்தது. முதலில் அசிடோஃபிலஸ் என்று கருதப்பட்ட அது பிறகு ராம்னோசஸ் ஆனது. 2020இல் லாக்டோபேசில்லஸ் பேரினமே இருபதுக்கு மேற்பட்ட பேரினங்களாகப் பிரிக்கப்பட்டபோது லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் ஆனது. 53103 என்ற எண் மட்டும் மாறவே இல்லை. புரோபயாட்டிக் துறையில் இனப்பெயரைவிட ஸ்ட்ரெயின் முக்கியம். ஒரே இனத்தின் ஒரு ஸ்ட்ரெயின் வயிற்றுப்போக்கைக் குறைக்கும், இன்னொன்று எதுவுமே செய்யாது. எனவே உரிமை ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம் அந்த எண்தான்.

இந்தியாவில் கதை தாமதமாகத் தொடங்கியது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் உயிருள்ளவற்றைப் பற்றி வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை, அலுவலகம் அவற்றை மறுத்தே வந்தது. கோழிகளைத் தாக்கும் பர்சா நோய்க்கான உயிருள்ள தடுப்பூசியின் தயாரிப்பு முறைக்கு டிமினாகோ நிறுவனம் கேட்ட காப்புரிமையும் அப்படித்தான் மறுக்கப்பட்டது. இறுதிப் பொருளில் உயிர் இருப்பதாலேயே அதை உற்பத்தி இல்லை என்று சொல்ல முடியாது எனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2002 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே திசையில் தீர்ப்புச் சொல்லி அப்போது ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கிய, எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியா தொடர்பான அந்த 1980ஆம் ஆண்டு வழக்கு உலகமறிந்தது.

தீர்ப்புக்கு முன்பே அரசு நகரத் தொடங்கிவிட்டது. நுண்ணுயிரிகளுக்குக் காப்புரிமை மறுக்கக் கூடாது என்று உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 27ஆம் உறுப்பு நிர்ப்பந்தித்ததே காரணம். 2001 டிசம்பர் 17 அன்று இந்தியா புடாபெஸ்ட் உடன்படிக்கையில் சேர்ந்தது. 2002 அக்டோபர் 4 முதல் சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொகுப்பான எம்.டி.சி.சி. நாட்டின் முதல் பன்னாட்டு வைப்பகமானது. அதற்கு முன் இப்படி ஒரு வைப்பு வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். பின்னர் புனேயிலும், உத்தரப் பிரதேசத்தின் மாவ் நகரில் உள்ள வேளாண் நுண்ணுயிர்த் தொகுப்பிலும் இந்த வசதி வந்தது. தமிழ்நாட்டில் இன்றுவரை இல்லை. விழுப்புரத்துக் கல்லூரி ஆய்வகத்திலிருந்து கிளம்பும் கல்ச்சர் புனேக்கோ வடக்கேயோதான் போயாக வேண்டும்.

2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2003 மே 20இல் நடைமுறைக்கு வந்தது. வைப்பு விதி இடம்பெற்ற பிரிவு 10(4), 2005 திருத்தத்துக்குப் பின் புடாபெஸ்ட் வைப்பகங்களை நேரடியாகச் சுட்டுகிறது. உயிரியற் பொருளைப் போதுமான அளவுக்கு எழுத்தில் விவரிக்க முடியாமலும், அது பொதுமக்களுக்குக் கிடைக்காமலும் இருந்தால், இந்தியாவில் விண்ணப்பம் போடும் நாளுக்குள் ஒப்படைத்தாக வேண்டும். வைப்பகத்தின் பெயர், முகவரி, நாள், எண் ஆகியவை விவரக்குறிப்பில் வேண்டும். எண்ணைச் சேர்க்க மூன்று மாத அவகாசம் உண்டு, ஒப்படைக்க அவகாசம் கிடையாது. நாலாவதாக ஒரு நிபந்தனை இருக்கிறது. அப்பொருள் எந்த மூலத்திலிருந்து, எந்த நிலப்பகுதியிலிருந்து வந்தது என்பதை வெளிப்படுத்த வேண்டும். புடாபெஸ்ட் கேட்காத கேள்வியை இந்தியச் சட்டம் கேட்டது. வெளிநாடுகளில் தரப்பட்ட வேம்பு, மஞ்சள் காப்புரிமைகளை எதிர்த்து நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு எழுதப்பட்ட வரி இது. இந்தச் சட்டத்தின் மிக முக்கியமான சேர்க்கை என்று நான் கருதுவதும் இதைத்தான்.

இங்கே இளம் ஆய்வாளர்கள் அடிக்கடி இடறும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வேடுகளில் பாக்டீரியாவின் 16எஸ் மரபணு வரிசையை ஜென்பேங்க் தரவுத்தளத்தில் ஏற்றி ஓர் எண் பெறுகிறார்கள். அந்த எண் எழுத்து வரிசைக்கு உரியது, உயிருக்கு உரியதில்லை. வரிசையைப் படித்துவிட்டு யாரும் அந்தப் பாக்டீரியாவை வளர்த்துவிட முடியாது. வைப்பு எண் என்றால் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது: உறைநிலையில் உலர்த்திய வெண்தூள், காற்று நீக்கி நெருப்பில் உருக்கி மூடிய விரலளவுக் கண்ணாடி ஆம்பூல், கூடவே ஏற்புச் சீட்டு, உயிர்ப்புச் சான்று. பெங்களூரு சாமி லேப்ஸின் பேசில்லஸ் கோயாகுலன்ஸ் எம்.டி.சி.சி. 5856, ஐதராபாத் யுனீக் பயோடெக்கின் எம்.டி.சி.சி. 5260 ஆகியவை உலகச் சந்தையில் எண்ணாலேயே அறியப்படுகின்றன. அந்த நம்பகத்தன்மைக்கு ஆதாரம் இந்த ஆம்பூல். உணவிலுள்ள புரோபயாட்டிக்குகளுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், காப்புரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்ட்ரெயினை வைப்பகத்தில் வைக்கச் சொல்கின்றன.

மூலத்தைக் கேட்கும் சட்டத்தின் இரண்டாவது சரடு சென்னையில் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் உருவாக்கிய தேசிய ஆணையம் தரமணியிலிருந்து இயங்குகிறது. இந்திய உயிரியல் வளத்தை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்குமுன் அதன் ஒப்புதல் வேண்டும் என்றது பிரிவு 6. காப்புரிமைச் சட்டத்தின் நாலாவது நிபந்தனைக்கும் அந்தச் சட்டத்திலேயே பல் உண்டு. மூலத்தை மறைத்தாலோ தவறாகச் சொன்னாலோ எதிர்ப்பு மனு போடலாம், கொடுத்த காப்புரிமையை ரத்து செய்யவும் கேட்கலாம். 2023 திருத்தம் இந்தப் பிடியைத் தளர்த்தியது. இப்போது இந்திய விண்ணப்பதாரர் காப்புரிமை கிடைக்குமுன் ஆணையத்தில் பதிவு செய்தால் போதும், ஒப்புதல் வணிகமாகும் கட்டத்தில்தான். சிறிய ஆய்வகங்களுக்கு இது நிம்மதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் மூலத்தைப் பற்றிய கேள்வி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தாமதத்தின் பொருள் தெளிவாகும். மரக்காணம் உப்பளப் பாத்திகளில் உப்பு விளையும் அடர்த்தியிலும் வாழும் நுண்ணுயிரிகள் இருக்கின்றன. வெயிலேறிய பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாக மாறுவதற்கு அவையும் காரணம். கடலோர இறால் பண்ணைகளில் வெல்லமும் தவிடும் சேர்த்து ஊறவைத்த புரோபயாட்டிக்கைக் குட்டையில் ஊற்றுகிறார்கள். வானூர் வட்டத்தின் ஆரோவில்லில் ஈ.எம். என்ற நுண்ணுயிர்க் கலவையை ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ வெல்லமும் இருபது லிட்டர் தண்ணீரும் சேர்த்து ஒரு வாரம் மூடிவைத்துப் பெருக்குகிறார்கள். ஜப்பானின் தெருவோ ஹிகா வடிவமைத்த கலவை அது. வீடுகளில் உறைமோரும் புளித்த இட்லி மாவும் இருக்கின்றன. இட்லி மாவைப் பொங்கவைப்பதில் லூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸின் பங்கு 1965இலேயே அமெரிக்க ஆய்விதழில் வெளியானது. அந்த இனத்தை இனி யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வீட்டு மாவிலிருந்து பிரித்த ஸ்ட்ரெயினைக் கொண்டு புதிய தயாரிப்பு முறையோ கலவையோ செய்து காப்புரிமை கேட்க வழி இருக்கிறது. இயற்கையில் உள்ளதைக் கண்டறிந்ததற்கு மட்டும் உரிமை இல்லை என்று பிரிவு 3(சி) தடுத்தாலும், பயன்பாட்டின் வழியே கதவு திறந்திருக்கிறது.

அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் 'மூலம்: தயிர், நிலப்பகுதி: இந்தியா' என்று எழுதியே கடந்துவிடலாம். எந்த அளவுக்கு நுணுக்கமாக ஊரைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வரையறுக்கவில்லை. மாவட்டம், வட்டம், ஊராட்சி எதுவும் கட்டாயமில்லை. புதிய இனம் கண்டுபிடிக்கப்பட்டால் அதன் சான்று மாதிரியை அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் வைக்கச் சொல்கிறது பன்முகத்தன்மைச் சட்டத்தின் பிரிவு 39. ஏற்கெனவே அறிந்த இனத்தின் புது ஸ்ட்ரெயினுக்கு அது பொருந்தாது. புரோபயாட்டிக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

திருத்துவது கடினமில்லை. வைப்பகத்தில் குப்பியை ஏற்கும்போதே, எடுத்த ஊராட்சியும் நாளும் ஒரு வரியாகப் பதிவாக வேண்டும். அதே வரி விவரக்குறிப்பிலும் ஆணையத்தின் பதிவிலும் எழுத்து மாறாமல் வர வேண்டும். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அமைய வேண்டிய உயிரியல் பன்முகத்தன்மை மேலாண்மைக் குழு மக்கள் பதிவேட்டைத் தயாரிக்கிறது. மரமும் மூலிகையும் மீனும் ஏறும் அந்தப் பதிவேட்டில் மரக்காணத்துப் பாத்தி நீரும் ஏறலாம். உலகமும் இதே திசையில் நகர்கிறது. மரபுவளத்தை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புகளில் வளத்தின் தோற்ற நாட்டை வெளிப்படுத்தச் சொல்லும் உடன்படிக்கையை உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உறுப்பு நாடுகள் 2024 மே 24 அன்று ஏற்றன. அதுவும் நாட்டோடு நின்றுவிடுகிறது. நாட்டுக்குள் ஊர்வரை போகும் பொறுப்பு இந்தியச் சட்டத்தின் கையில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. சண்டிகரில் 2002 இறுதியில் தொடங்கிய வைப்புகளுக்கு 30 ஆண்டுக் காப்புக் காலம் 2032இலிருந்து முடியத் தொடங்கும். இடையில் யாரும் மாதிரி கேட்காத ஆம்பூல்களை அதன்பின் காக்கும் கடமை வைப்பகத்துக்கு இல்லை. அவற்றை எடுத்த ஊரைத் திரும்பத் தேடிப் பதிவு செய்ய வேண்டுமென்றால், ஒப்படைத்தவர்களிடம் பழைய ஆய்வகக் குறிப்பேடுகள் இன்னும் இருக்கும் இந்த ஆண்டுகளிலேயே வைப்பகங்கள் அவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.